எட்டு நொடிக்கு இரண்டு சாட்சிகள்

விருத்தாசலத்துக்குப் பழமலைநாதரைக் கும்பிட வருகிறவர்கள் உண்டு. சேலம் வண்டிக்கோ கடலூர் வண்டிக்கோ மாற இறங்குகிறவர்கள் உண்டு. நான் முதல் தடவை போனது ஒரு சூளையைப் பார்க்க.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. வீட்டில் ஃபியூஸ் போனால் பிடுங்கிக் கம்பி மாற்றுவோமே, அந்த வெள்ளைக் கட்டைகள் சூளைக்குள் அடுக்கடுக்காக வெந்துகொண்டிருந்தன. சுவரில் ஒரு மீட்டர். அதன் முள் ஏற வேண்டிய அளவுக்கு, 1,200 டிகிரிக்கும் மேலே, ஏறி நின்றுவிட்டது. பர்னரை அணைப்பார்கள் என்று காத்திருந்தேன். சூளைக்குப் பொறுப்பான பெரியவர் அணைக்கவில்லை. சூளைச் சுவரில் செருகியிருந்த அடைப்பை இடுக்கியால் உருவினார். ஒரு நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு, அந்தத் துளை வழியாக உள்ளே பார்த்தார்.

“இன்னும் சாயல.”

“மீட்டர்தான் வந்துடுச்சேண்ணே?”

“மீட்டரு அது இருக்குற எடத்தச் சொல்லுது தம்பி. கோனு சாமான் இருக்குற எடத்தச் சொல்லும்.”

அவர் பார்த்தது சுண்டுவிரல் நீளத்தில் மூன்று பட்டையாகச் செய்த ஒரு மண் கூம்பு. பீங்கானும் மெருகும் எவற்றால் ஆனவையோ ஏறக்குறைய அதே பொருள்களை அளந்து கலந்து செய்வது. 1880களில் பெர்லினில் ஹெர்மன் செகர் என்ற வேதியியலாளர் வகுத்துத் தந்த முறை இது. உரிய வெப்பத்தை உரிய நேரம் தின்றதும் கூம்பின் நுனி இளகி, தலை கவிழ்ந்து, அடித்தட்டைத் தொடும். மெதுவாகச் சூடேற்றினால் கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே சாய்ந்துவிடும். அவசரமாக ஏற்றினால் இன்னும் மேலே போய்த்தான் சாயும். வெப்பம், நேரம் இரண்டின் விளைவையும் அது தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. பாத்திரமும் அப்படித்தான் வேகிறது. ஆனால் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது என்று கூம்பைக் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. மீட்டருக்குத் தெரியும், அதன் பின்னால் இருக்கும் தெர்மோகப்பிள் கணத்துக்குக் கணம் சொல்லும். அதற்குத் தெரியாதது, தன்னைவிட்டு நான்கடி தள்ளி என்ன நடக்கிறது என்பது.

இருபது நிமிடம் கழித்து மறுபடி அடைப்பை உருவிப் பார்த்துவிட்டு பர்னரை அணைத்தார். ஒரு சாட்சி எண்ணால் பேசுகிறது, ஒரு சாட்சி கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டும் ஒத்துப்போகும் வரை தீர்ப்பு இல்லை. இந்த ஏற்பாட்டை நான் மறுபடி பார்த்தது சூளைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில். விருத்தாசலத்துச் சூளையில் ஒரு நாள் முழுக்க நடக்கும் விசாரணை அங்கே எட்டு, பத்து நொடியில் முடிந்துவிடும்.

அந்த இடம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. சென்னைக்கு மோட்டார் பந்தயம் பழைய சொத்து. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953இல். இரண்டாம் உலகப் போருக்காகச் சோழவரத்தில் போட்ட விமான ஓடுபாதை, போர் முடிந்தபின் பல பத்தாண்டுகள் பந்தயக் களமாக இருந்தது. பிறகு கிளப் தனக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் தளம் அமைத்து 1990இல் திறந்தது. வளைவுகள் நிறைந்த தளம்தான். ஆனால் அதன் நேரான பகுதியில் டிராக் ரேஸும் நடக்கும். மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. பெங்களூருவின் ஹேமந்த் முத்தப்பா பல தேசியப் பட்டங்களை வென்றது அந்தத் தார்ச்சாலையில்தான்.

டிராக் ரேஸைப் போல எளிமையாகத் தெரிகிற பந்தயம் வேறில்லை. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் பாயும். முன்னால் போய்ச் சேருகிறவர் வென்றவர். உலகில் பழகிப்போன தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். விளக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். 1963இல் அமெரிக்காவில் வந்தது. தரையை ஒட்டி ஓடும் ஒளிக்கற்றைகளை முன்சக்கரம் மறைக்கும், விலகும். அந்த மறைப்பையும் விலகலையும் வைத்துத்தான் நேரம் கணக்காகிறது. ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். முழு வசதி உள்ள தளங்களில் அந்தச் சீட்டில் 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, 1,320 அடி என்று வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் இருக்கும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீட்டில் உள்ள ஓட்ட நேரம் பச்சை விளக்கு எரிந்த கணத்திலிருந்து தொடங்குவதில்லை. முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகிய கணத்திலிருந்துதான் தொடங்குகிறது. விளக்கைப் பார்த்து ஓட்டுநர் எடுத்துக்கொண்ட நேரம் தனிக் கணக்கு. அதனால் ஓட்ட நேரம் குறைவாக வைத்திருப்பவர் தோற்பதும் நடக்கும்.

எல்லாரும் முதலில் பார்ப்பது 60 அடி நேரத்தை. 60 அடி என்றால் 18.3 மீட்டர், ஒரு பேருந்தும் இன்னொரு பேருந்தின் பாதியும். அதை 2 நொடியில் கடந்தால் சராசரி முடுக்கம் நொடிக்கு நொடி 9.1 மீட்டர். மாடியிலிருந்து கைதவறி விழும் தேங்காய் வேகம் எடுப்பது 9.8இல். ஓட்டுநர் தரைக்குக் கிடையாக விழுந்துகொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த முதல் இரண்டு நொடியில் கோட்டைவிட்ட பத்தில் ஒரு பங்கு நொடி, மீதி ஓட்டம் முழுவதும் கூடவே வரும்.

இப்போது ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் 60 அடிக்கு 1.9 நொடி. மதியம் அதே வண்டி, அதே ஓட்டுநர், 2.1 நொடி. ஏன்? சீட்டுக்குத் தெரியாது. ஓட்டுநரைக் கேட்டால், “நல்லாத்தான் எடுத்தேன்” என்பார். பொய்யில்லை; அந்த இரண்டு நொடியில் ஒரு மனித மூளை எதையும் குறித்துவைக்க நேரமில்லை.

இங்கேதான் டேட்டா லாகர் வருகிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. எஞ்சின் சுழற்சி, முன்சக்கர வேகம், பின்சக்கர வேகம், முறுக்குப் பிடி எவ்வளவு திறந்திருக்கிறது, புகைக்குழாயின் வெப்பம், முடுக்கம் என்று எல்லாவற்றையும் நொடிக்கு நூறு தடவை எழுதிக்கொண்டே போகும். ஓட்டம் முடிந்து மடிக்கணினியில் இறக்கினால் ஒவ்வொன்றும் ஒரு வண்ணக் கோடு. நம் மதிய ஓட்டத்தில், கிளம்பி அரை நொடியில், பின்சக்கரக் கோடு முன்சக்கரக் கோட்டைவிட்டுப் பிரிந்து மேலே தாவுகிறது. பின்சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, முன்சக்கரம் பின்தங்குகிறது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் பதில் தயார்: பின் டயர் பிடிமானம் இழந்து வழுக்கியிருக்கிறது. மருந்தும் தயார்: ஓட்டுநர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து பின் டயரின்மேல் பாரத்தை ஏற்றட்டும்.

அந்த மருந்தைக் கொடுத்தால் அடுத்த ஓட்டம் இன்னும் மோசமாகும். ஏன் என்று கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விளங்காது. வண்டியில் பூட்டிய கேமராவின் படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்: முன்சக்கரம் தரையிலேயே இல்லை. வண்டி வீலிங் அடித்திருக்கிறது.

காற்றில் தூக்கிய சக்கரத்தைத் தரை சுற்றவில்லை. தூக்கிய கணத்தில் என்ன வேகம் இருந்ததோ ஏறக்குறைய அதே வேகத்தில் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. பின்சக்கரம் தரையை நன்றாகப் பற்றி வேகம் கூடிக்கொண்டே போகிறது. கோடுகள் பிரிகின்றன. வழுக்கினாலும் அதே பிரிவு, தூக்கினாலும் அதே பிரிவு. எண்ணுக்கு இரண்டும் ஒன்று. மருந்து மட்டும் நேர் எதிர். வழுக்கலுக்குப் பாரம் பின்னால் வேண்டும். வீலிங்குக்குப் பாரம் முன்னால், முடிந்தவரை தாழ்வாக வேண்டும்.

வண்டி எப்போது தலை தூக்கும் என்பதும் எளிய கணக்கு. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவு போதும். இரண்டும் சமம் என்றால், முடுக்கம் ஈர்ப்பு விசையின் அளவை எட்டும்போது முன்சக்கரம் எழும்பும். அதற்குமேல் எஞ்சினுக்கு எத்தனை வலு இருந்தாலும் அது வண்டியை மேலே தூக்கத்தான் உதவும். டிராக் வண்டிகளின் பின்பக்க ஸ்விங் ஆர்மை நீட்டுவதும், முன்பக்கத்தைப் பட்டை போட்டுக் கீழே இழுத்துக் கட்டுவதும் இதற்காகத்தான்.

படம் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. முன்சக்கரம் இரண்டு விரற்கடை எழும்பியது படத்தில் தெரிகிறது. ஓட்டுநர் பயந்து பிடியைத் தளர்த்தினாரா, எவ்வளவு தளர்த்தினார், மறுபடி முழுதாகத் திறக்க எத்தனை நேரம் ஆயிற்று? படத்தில் ஒரு கையுறைதான் தெரியும். முறுக்குப் பிடிக் கோட்டில் அது நூற்றுக்கு எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கி ஏறிய பள்ளமாகத் தெளிவாக இருக்கும்.

எண்ணையும் படத்தையும் இப்படி எதிரெதிரே நிறுத்தும் எண்ணம் டிராக் ரேஸைவிட மூத்தது. இதன் பிறப்பும் ஒரு பந்தயக் கேள்வியில்தான். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புகின்றனவா? பிரான்சில் எத்தியேன்-ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1870களின் தொடக்கத்தில் குதிரையின் குளம்புகளில் ரப்பர்க் குமிழ்களைக் கட்டினார். குளம்பு தரையை அழுத்தும்போதெல்லாம் குழாய் வழியே காற்று போய் ஓர் ஊசியை அசைக்கும். சுழலும் உருளையில் ஊசி கோடு கிழிக்கும். அந்த உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு சவாரி செய்தவரைப் படமாக வரைந்து 1873இல் தம் நூலில் வெளியிட்டார். ஓடும் வாகனத்திலேயே ஏறிப்போய்ப் பதிவு செய்யும் பெட்டி அது. இன்றைய டேட்டா லாகருக்குப் பாட்டன். நான்கு கால்களும் எழும்புகின்றன என்று கோடுகள் சொல்லின. கோட்டை யார் நம்புவார்கள்? கலிஃபோர்னியாவில் குதிரைப் பண்ணை வைத்திருந்த லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு படம் கேட்டார். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878 ஜூனில் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றாக இயக்கி எடுத்துக் காட்டினார். கோடு சொன்னது படத்தில் இருந்தது. படங்களைக் கண்ட மாரே தாமே கேமராவுக்கு மாறி, 1882இல் துப்பாக்கி வடிவில் நொடிக்கு 12 படம் பிடிக்கும் கருவியைச் செய்தார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். உலகத்தில் எண்ணின் ஆட்கள் ஒரு பக்கமும் படத்தின் ஆட்கள் மறுபக்கமுமாக நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். மாரே தன் கோட்டை விட்டு இறங்கி, எதிராளியின் கருவியைக் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை.

மாரே, மைபிரிட்ஜ் இருவருக்கும் வாய்க்காதது ஒன்று உண்டு. ஒரே குதிரையின் ஒரே பாய்ச்சலை இருவரும் ஒரே கடிகாரத்தில் பதியவில்லை. இன்றைய வேலையின் சிரமமும் அதில்தான் இருக்கிறது.

கேமராவும் லாகரும் தனித்தனிக் கருவிகள். தனித்தனி நேரத்தில் தொடங்கியவை. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லிநொடி. மணிக்கு 200 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 55.6 மீட்டர் போகிறது. 33 மில்லிநொடியில் ஏறக்குறைய 1.85 மீட்டர், ஒரு மோட்டார் சைக்கிளின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட. படமும் கோடும் கால் நொடி விலகிவிட்டால், காரணம் எது, விளைவு எது என்பதே தலைகீழாகிவிடும். ஓட்டுநர் பிடியைத் தளர்த்தியதால் சக்கரம் இறங்கியதா, சக்கரம் இறங்கியபின் தளர்த்தினாரா?

தமிழ் வாசகருக்கு இதற்கான மருந்தை நான் விளக்க வேண்டியதில்லை, கோடம்பாக்கம் விளக்கிவிட்டது. படத்தையும் ஒலியையும் வேறு வேறு கருவிகளில் பதிந்த காலத்தில் ஒருவர் கேமராவுக்கு முன் பலகையைத் தட்டுவார். பலகை மூடும் படமும், ‘டப்’ என்ற ஒலியும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் இரண்டையும் சேர்ப்பார்கள். வண்டியிலும் அதையே செய்யலாம். கேமராவுக்குத் தெரியும்படி பெட்ரோல் டாங்க்கை உள்ளங்கையால் பலமாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். படத்தில் கை, லாகரின் முடுக்கக் கோட்டில் ஒரு கூர்முள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தீர்ந்தது.

தட்ட மறந்துபோனாலும் வழியுண்டு. அது என்னை முதலில் வியக்க வைத்தது. கேமரா படத்தோடு எஞ்சின் சத்தத்தையும் பதிகிறது அல்லவா? ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம், அது ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 9,000 சுழற்சி என்றால் நொடிக்கு 150 வெடிப்பு. அந்தச் சத்தத்தின் சுருதி 150 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்பு. அதே 9,000இல் 300 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஸ்தாயி மேலே. ஒலியின் சுருதியைக் கணினியில் அளந்து கோடாக வரைந்தால் எஞ்சின் சுழற்சிக் கோடு கிடைத்துவிடும். அதை லாகர் எழுதிய சுழற்சிக் கோட்டோடு, கியர் மாற்றும் இடத்துச் சரிவுகளைப் பார்த்துப் பொருத்தினால் போதும். ஓடும் வண்டியின் இரைச்சலே கிளாப் பலகை ஆகிவிடுகிறது.

பொருத்தும் சிரமமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு விண்கோள் கடிகாரம் இருக்கிறது. ஜிபிஎஸ் விண்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. கேமராவும் லாகரும் அங்கிருந்தே நேரத்தை வாங்கிக்கொண்டால் இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கும். பிரிட்டனின் ரேஸ்லாஜிக் போன்ற நிறுவனங்கள் கேமராவையும் ஜிபிஎஸ் லாகரையும் ஒரே பெட்டிக்குள் வைத்தே விற்கின்றன. 2016இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 பிளாக், வீடியோக் கோப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் தரவையும் முடுக்கத் தரவையும் சேர்த்து எழுதியது. சந்தையில் யாரும் வாங்கக்கூடிய ஒரு கேமராவில் அது வந்தது பெரிய மாற்றம். ஆனால் சாதாரண ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும். 200 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே 55 மீட்டர் காணாமல் போகும். எட்டு நொடி ஓட்டத்துக்கு எட்டுப் புள்ளி எந்த மூலைக்கு? நொடிக்கு பத்து அல்லது அதற்கும் மேல் பதிகிற கருவிதான் இங்கே உதவும்.

கேமராவை எங்கே பூட்டுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. பெரும்பாலோர் சாலையைப் பார்க்கத்தான் பூட்டுகிறார்கள். நண்பர்களுக்குக் காட்ட அது அழகு. ஆனால் நேர்கோட்டுப் பந்தயத்தில் முன்னால் தெரிவது எப்போதும் அதே தார், அதே கோடு. கேமரா பார்க்க வேண்டியது எண்ணால் சொல்ல முடியாததை: முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், பின் டயரின் பக்கச்சுவர், கிளட்ச் பிடித்த இடது கை. டிராக் டயரின் பக்கச்சுவர் கிளம்பும்போது துணி கசங்குவதுபோல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அந்த மடிப்பை அளக்க எந்த சென்சாரும் வண்டியில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. செல்போனும் சின்னக் கேமராக்களும் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கின்றன. அதற்குள் சக்கரம் நகர்ந்துவிடுவதால் நேரான கம்பிகள் படத்தில் வாழைமட்டைபோல வளைந்து தெரியும். அதைப் பார்த்துச் சக்கரம் கோணிவிட்டது என்று கழற்றிப் பார்க்க வேண்டாம். கண்ணும் பொய்சாட்சி சொல்லும்.

டிராக் பந்தயத்தின் உச்சியில் அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் வண்டிகள் இருக்கின்றன. நைட்ரோமீத்தேன் குடித்து 11,000 குதிரைத்திறன் அளவுக்குப் பொங்குபவை. 1,000 அடியை நான்கு நொடிக்குள் முடிப்பவை. 2008 ஜூனில் நியூ ஜெர்சியில் ஸ்காட் காலிட்டா உயிரிழந்த விபத்துக்குப் பிறகுதான் அவற்றின் தூரம் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைந்தது. அங்கே உள்ள விதி எனக்குப் பிடித்தது: ஓட்டத்தின்போது கணினி பதிவு செய்யலாம், கிளட்ச்சை ஆளக் கூடாது. அடுத்த சுற்றுக்கு முன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் அவசரத்துக்கு நடுவே, ஒரு மனிதர் கோடுகளைப் படித்துத் தீர்மானிக்க வேண்டும். டயர் தரையை ஒரு கணம் பற்றி, ஒரு கணம் விட்டு, ஓட்டுநரின் பார்வையே மங்கும் அளவுக்கு வண்டியை உலுக்கும் கோளாறு அங்கே அடிக்கடி வரும். லாகரில் அது ஒரு நடுக்கம். படத்தில்தான் டயர் தன்மேல் தானே மடிவது தெரியும்.

நம் ஊரில் இவ்வளவு பணம் இல்லை, வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். அதில் ஒரு பிரிவு, நின்ற இடத்திலிருந்து 75 மீட்டர் நேராகப் பாய்வது. டிராக் ரேஸ்தான், பெயர் மட்டும் வேறு. நான்கு நொடியில் முடித்தால் மறுபடியும் நம் தேங்காயின் முடுக்கம் வந்துவிடும். ஒரு பழைய செல்போனும் சில ஆயிரம் ரூபாய்ச் சென்சார்களும், தொடக்கத்தில் ஒரு தட்டும் இருந்தால் அந்த மாணவர்கள் மேலே சொன்ன முழு விசாரணையையும் நடத்தலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி கேமராவைக் கட்டிக்கொண்டு பறக்கும் பிள்ளைகளைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். அந்தப் படங்களில் எதிரே வரும் விளக்குகள் யாரோ ஒருவருடைய அப்பாவும் அம்மாவும். மூடிய தளத்துக்கு வாருங்கள். அங்கே இதைவிட வேகமாகவும் போகலாம், ஏன் வேகமாகப் போனோம் என்று கற்கவும் செய்யலாம்.

இருங்காட்டுக்கோட்டைப் பட்டறையில் ஓட்டம் முடிந்ததும் ஒரு மெக்கானிக் லாகரைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதைக் கண்டேன். வெளிச்சத்தில் பிடித்து அதன் வெள்ளை மூக்கை உற்றுப் பார்த்தார். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போய் நுனியில் பொட்டுப்பொட்டாக இருந்தால் பெட்ரோல் குறைந்து சூடு ஏறியிருக்கிறது. அப்போது எனக்கு விருத்தாசலம் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளை மூக்கு பீங்கானின் சொந்தக்காரன். அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடால் சுட்டெடுத்தது. ஃபியூஸ் கட்டை செய்யும் அதே வேலையை, மின்சாரம் வழிதவறாமல் தடுப்பதை, ஆயிரம் டிகிரிச் சூட்டிலும் வெடிப்பின் அடியிலும் செய்கிறது. அதுவும் கூம்பைப் போலத்தான் சாட்சி சொல்கிறது: ஓட்டம் முழுவதையும் தன் உடம்பில் வாங்கி ஒரே நிறமாகக் காட்டும், எந்த நொடியில் என்று சொல்லாது. நொடியைச் சொல்வது புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார். அதன் உயிரும் ஒரு பீங்கான்தான், சிர்கோனியா. சூடேறினால் ஆக்சிஜன் அயனிகளைத் தனக்குள்ளே விட்டு, இரு பக்கமும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும். பாஷ் நிறுவனம் அதை 1976இல் வோல்வோ கார்களுக்காகக் கொண்டுவந்தது. சூளைகளிலும் தீயில் காற்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க அதே சிர்கோனியாவைப் பயன்படுத்துகிறார்கள்.

தெர்மோகப்பிளும் பொதுச் சொத்து. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் சூடேற்றினால் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். எங்கும் புழங்கும் ‘கே’ வகையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். சூளையில் அதைத் தடித்த பீங்கான் உறைக்குள் வைத்திருப்பார்கள். சூட்டை உணர அது நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும், ஒரு நாள் நீளும் வேலைக்கு அதனால் நஷ்டமில்லை. எட்டு நொடிப் பந்தயத்தில் அந்த உறையோடு வைத்தால், அது சூட்டை உணர்வதற்குள் வண்டி கடைசிக் கோட்டைத் தாண்டியிருக்கும். அங்கே கம்பி முனையை உறையில்லாமல் மெல்லியதாக விடுகிறார்கள். சீக்கிரம் உணரும், சீக்கிரம் அழியும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி விருத்தாசலம் போனேன். பெரியவரிடம் அனுமதி கேட்டு, பார்வைத் துளைக்கு முன் தள்ளி ஒரு செல்போனைத் தாங்கியில் நிறுத்தி, அதன் கண்ணுக்கு முன் அவருடைய நீலக் கண்ணாடியையே கட்டினேன். நிமிடத்துக்கு ஒரு படம். மீட்டருக்கு எதிரே இன்னொரு செல்போன், அதே நிமிடக் கணக்கு. சூளைக்கு மில்லிநொடி வேண்டாம். இரண்டு போனின் கடிகாரமும் ஒன்றாக இருந்தால் போதும். காலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து, மறுநாள் அவரிடம் ஓட்டிக் காட்டினேன். கீழே எண் மெல்ல ஏறுகிறது. மேலே கூம்பு நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. எண் ஏறுவதை நிறுத்திய பிறகுதான் நுனி இளகி, குனிந்து, தட்டைத் தொடுகிறது.

பெரியவர் மூன்று தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு திரையில் கூம்பு நிற்கும் இடத்தை விரலால் தொட்டார்.

“இது ஓரத்து வரிசை தம்பி. நடு வரிசையிலதான் எனக்குச் சந்தேகம். அடுத்த சூளைக்கு அங்க ஒண்ணு வச்சுத் தரேன், எடுத்துப் பாரு.”